முள் எடுத்து வைத்த மீன்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த சைவக் குடும்பம். என் கணவர் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் மீன். அவர்கள் கடலூர் முதுநகர்க் கத்தோலிக்கர்கள். அன்று கறி கூடாது என்பதால் மீன் கட்டாயம். கல்யாணமான பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் தட்டைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் தட்டிலிருந்த சங்கராத் துண்டைப் பிட்டு, முள்ளைப் பிரித்து, சதையை மட்டும் என் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"செல்லு செல்லா பார்க்கறவங்களுக்கு முள்ளு கண்ணுக்குத் தெரியலையா, டாக்டரம்மா?"

அப்போது நான் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கவில்லை. ஆய்வு மாணவியாக இருந்தேன். ஆனாலும் அன்றிலிருந்து டாக்டரம்மாதான். முள் எடுத்து வைப்பதும் அன்று தொடங்கியதுதான். நான் மீன் சாப்பிடப் பழகினேன். முள் எடுக்கப் பழகவில்லை. பழகத் தேவைப்படவில்லை.

இங்கே எழுதுவது 2004 முதல் 2012 வரையிலான காலத்தைப் பற்றி. என் வேலை இந்த வருடங்களில் ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறியது. அவருடைய நோயும் இந்த வருடங்களில்தான் வந்தது. இரண்டையும் தனித்தனியாக எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

2004-இல் சிதம்பரத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் மீன் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தேன். கொடுவா மீனின் துடுப்பைச் சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டி, தட்டையான குப்பியின் அடியில் ஒட்டவைத்து, மேலே ஊட்டத் திரவம் ஊற்றி மூடி வைக்க வேண்டும். சில நாட்கள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் துணுக்கின் ஓரத்திலிருந்து செல்கள் வெளியே ஊர்ந்து வந்திருக்கும். நீளமாக, இரண்டு முனையிலும் கூராக, எல்லாம் ஒரே திசையில். குப்பி நிறைந்ததும் பிரித்து வேறு குப்பிக்கு மாற்றுவோம். அப்படி மாற்றி மாற்றி வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தால் அதற்குச் செல் வரிசை என்று பெயர். நம் கரையோர மீனிலிருந்து அப்படி ஒரு வரிசை உருவாக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கொடுவாக் குஞ்சுகளைக் கொண்டுவந்து தந்தது என் கணவர். மீன்வளத் துறையில் ஆய்வாளர். துறைமுகத்தில் படகுகள் கரைக்கு வந்ததும் எந்த மீன் எவ்வளவு வந்தது என்று வகை வாரியாகக் குறிப்பது அவர் வேலை. காற்று அடைத்த பிளாஸ்டிக் பையில் குஞ்சுகளை வாங்கி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து காலைப் பேருந்தில் என்னோடு ஏற்றிவிடுவார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டும்வரை பை என் மடியில் துள்ளிக்கொண்டிருக்கும். நடத்துநர்கள் பழகிவிட்டார்கள். "பாப்பா தூங்குதா மேடம்?" என்று கேட்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்வி எனக்கு வலித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. அவர் பல நாள் வீட்டுக்கு வரவில்லை. கரையில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது குளித்துவிட்டுப் படுத்தார். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. நானும் இங்கே அதற்கு மேல் எழுதவில்லை.

என் கொடுவா வரிசை மூன்று வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. அதன் மாதிரிகளைத் திரவ நைட்ரஜன் நிரம்பிய உருளையில் உறையவைத்திருந்தோம். 2008 பொங்கல் விடுமுறை முடிந்து போனபோது உருளையின் கழுத்துக்கு வெளியே பனி பூத்திருந்தது. உள்ளே குளிர் நிற்காமல் சுவர் வழியாகக் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். மர ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்து ஆட்டினேன். நைட்ரஜன் இருந்தால் ஸ்கேலில் வெள்ளைக் கோடு படியும். ஸ்கேல் வெறும் மரமாகவே வந்தது. குப்பிகளில் வளர்ந்துகொண்டிருந்தவையும் விடுமுறையில் மின்சாரம் போய்ப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. ஒன்றும் மிச்சமில்லை.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் காபி போட்டு வந்தார்.

"மறுபடி குஞ்சு கொண்டாரேன். கடல்ல இல்லாத கொடுவாயா? அழுவாத."

எனக்கு நினைவிருக்கும் வரையில், கொடுவா என்ற சொல்லை அவர் சாதாரணமாகச் சொன்னது அதுதான் கடைசி.

மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டில் இருந்த பழைய சக மாணவி ஒருத்தி மின்னஞ்சலில் ஒரு வேலையைச் சொன்னாள். ஆன்டாலஜி என்று பெயர். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் ஒரே செல்லை வெவ்வேறு பெயரில் அழைக்கிறார்கள், வெவ்வேறு செல்லை ஒரே பெயரில் அழைக்கிறார்கள். கணினிகள் குழம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு எண், ஒரு வரையறை கொடுத்து, எது எதன் வகை, எது எதன் பகுதி என்று மரம்போல் அடுக்க வேண்டும். அடியில் 'செல்' என்ற பொதுச் சொல். அதிலிருந்து கிளைகள். நுனியில் குறிப்பிட்ட ஒரு உறுப்பின் குறிப்பிட்ட ஒரு செல். சாய்வு நாற்காலி வேலை என்று ஆய்வுக்கூடத்தில் கேலி செய்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது. சிதம்பரத்தில் இருந்தபடியே அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டேன். இந்த மரம் பூஞ்சணம் பிடிக்காது.

வரையறை எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அது எதன் வகை என்று சொல்ல வேண்டும். பிறகு அதே கிளையில் உள்ள மற்றவற்றிலிருந்து எதில் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். இன்னொரு விதியும் உண்டு, எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது: தெரிந்த அளவுக்கு மட்டும் நுனிப் பக்கம் போ. நிச்சயமில்லை என்றால் அடிப் பக்கம் திரும்பி வா. 'துடுப்புத் தோலின் செல்' என்று உறுதியாகத் தெரியாவிட்டால் 'தோல் செல்' என்று எழுது. அதுவும் தெரியாவிட்டால் 'செல்' என்று எழுது. குறைவாகச் சொல்வது தப்பில்லை. தப்பாகச் சொல்வதுதான் தப்பு.

இதைச் சாப்பாட்டு மேசையில் அவருக்குச் சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. வாழ்நாள் முழுக்க மீனை வகை பிரித்தவர் ஆயிற்றே. அதை விளையாட்டாக ஆக்கிக்கொண்டோம். நான் ஒரு பொருளைக் காட்டுவேன், அவர் வரையறை சொல்வார்.

"கிழங்கான். மீன் வகை. மணல்ல படுத்திருக்கும். பொய் சொல்லாது."

"பொய் சொல்லாதுங்கறது என்ன வித்தியாசம்? அதெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க."

"ஏன்? மத்த மீனெல்லாம் ஐஸ்ல போட்டா மூணு நாளானாலும் இப்பதான் வந்தேங்கும். கிழங்கான் அப்படி இல்ல. பழசாச்சுன்னா ஊருக்கே சொல்லிடும்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அந்த வருடம் முழுக்க இந்த விளையாட்டு நடந்தது. மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை தட்டைக் காட்டி "இது?" என்றேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "மீன் வகை" என்றார். அவ்வளவுதான். "தப்பிச்சீங்க. விதிப்படி சரி" என்றேன். அவரும் சிரித்தார். அடுத்த சில வாரங்களில் கரண்டி 'சமையல் சாமான்' ஆனது. பக்கத்து வீட்டு ஆடு 'மிருகம்' ஆனது. ஒருமுறை இறாலைப் பார்த்து "கடல்ல வர்றது" என்றார். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகப்பட்டது. என் கணவர் எங்கள் குழுவிலேயே கண்டிப்பான ஆளாகிவிட்டார், நிச்சயமில்லாத எதையும் சொல்வதில்லை என்று குழுவுக்கு மின்னஞ்சலில் எழுதினேன். யாரோ சிரிப்புக் குறி போட்டுப் பதில் அனுப்பினார்கள்.

வேறு எந்த மனைவியாக இருந்தாலும் அந்த மழைக்காலத்திலேயே பயந்திருப்பாள். அவர் ஒவ்வொன்றையும் சரியான கிளையில்தான் வைத்தார். அதனால்தான் எனக்குத் தெரியவில்லை. ஒருமுறையாவது கரண்டியை மிருகம் என்று சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும்.

2009 கோடையில் ஒரு காலை, துறைமுகத்துக்கு வெளியே மீன் வாங்கப் போனோம். அவருக்குப் பல வருடமாகத் தெரிந்த ஒரு அம்மா அங்கே கூடை வைத்திருப்பார்.

"வாங்க சார். வஞ்சிரம் வந்துருக்கு, பாருங்க, இப்பதான் இறங்குச்சு."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார்.

"வஞ்சிரம்னா?"

அந்த அம்மா பக்கத்துக் கூடைக்காரியைத் தட்டினார். "கேட்டியாடி, சாரு வஞ்சிரம்னா இன்னான்னு கேக்கறாரு! எங்கூடையக் கிளறி, 'இது வஞ்சிரம் இல்ல, சீலா, யாரை ஏமாத்தறே'ன்னு சண்டைக்கு வந்த மனுசன்!"

"பேரு சொன்னா வெலை ஏத்திடுவேன்னு பயப்படறாரு போல" என்றாள் மற்றவள். "சார், அஞ்சு பத்து கொறைச்சுக்கலாம், வெக்கப்படாம சொல்லுங்க."

அவர் மரியாதையாகச் சிரித்தார். பிறகு வஞ்சிரத்தை விரலால் லேசாகத் தொட்டு, "இது சாப்பிடறதா?" என்று கேட்டார்.

அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா," என்றார் குரலைத் தாழ்த்தி, "சாரை வீட்டுக்கு இட்டுக்கினு போங்க."

என் விளையாட்டில் 'வஞ்சிரம்னா?' என்ற கேள்விக்கு இடமில்லை. நிச்சயமில்லாதவர் பொதுச் சொல்லுக்குத் திரும்பலாம். ஆனால் சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு, அப்படியென்றால் என்ன என்று கேட்க மாட்டார். நாங்கள் மீன் வாங்காமல் திரும்பினோம். வழியில் அவர் வழக்கம்போல எந்தப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

புதுச்சேரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். இளைஞர். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எப்படி வந்தீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் இவர் பிசகில்லாமல் பதில் சொன்னார். பிறகு மருத்துவர் பட அட்டைகளைக் காட்டினார். குதிரைக்கு இவர் நாய் என்றார். ஒட்டகத்துக்கும் நாய் என்றார். மயிலுக்குக் கோழி என்றார். நண்டைப் பார்த்து வெகுநேரம் யோசித்து, "இது எங்க ஆபீஸ் பக்கம் இருக்கும்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மருத்துவர் என்னிடம் பேசினார்.

"இது நீங்க நினைக்கற மறதி இல்ல மேடம். நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. பொருளோட அர்த்தம்தான் போகுது. முதல்ல சின்னச் சின்ன வித்தியாசம் போகும். குதிரை, ஒட்டகம் எல்லாம் நாயாயிடும். அப்புறம் எல்லாமே மிருகமாயிடும். அப்புறம்..."

"பொருள்," என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

சொன்னேன். நான் தினமும் அடியிலிருந்து நுனிக்கு வரைகிற மரத்தை இந்த நோய் நுனியிலிருந்து அடிக்கு அழித்துக்கொண்டு வருகிறது என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எது கடைசி வரை நிற்கும் என்று கேட்டேன்.

"பழக்கம். கை செஞ்சு பழகின வேலை, நேரத்துக்குச் செய்யற வேலை. அது ரொம்ப நாள் வரும்."

"ஆளுங்க?"

படங்களை அடுக்கி உறையில் போட்டார். "அது ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி, மேடம்."

பேருந்தில் திரும்பும்போது என் கணவர் சொன்னார்: "நல்ல பையன். அட்டையெல்லாம் சுத்தமா வெச்சிருக்கான்."

அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மீன் போகட்டும், கரண்டி போகட்டும். நான் அவருக்கு 'ஆள்' ஆகிவிடக் கூடாது.

எனக்குத் தெரிந்த வழி என் தொழிலின் வழிதான். நானும் அட்டைகள் செய்தேன். படம் ஒரு பக்கம், மறு பக்கத்தில் பெயர், எதன் வகை, எதில் வேறுபடுகிறது. மாலையில் அவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வேகமாகக் கற்றுக்கொண்டார். ஒரு மாதத்தில் எல்லா மீனும் திரும்பி வந்துவிட்டது. மகிழ்ச்சியில் என் நாத்தனாருக்கு, அவருடைய அக்காவுக்கு, போன் செய்துகூடச் சொன்னேன். அடுத்த நாள் அட்டைகள் கைதவறிக் கீழே விழுந்தன. பொறுக்கி அடுக்கியதில் வரிசை மாறிவிட்டது. சங்கராவுக்கு வவ்வால் என்றார். வவ்வாலுக்கு நெத்திலி என்றார். வரிசையைத்தான் மனப்பாடம் செய்திருக்கிறார். எந்தப் பெயரும் எந்த மீனிலும் ஒட்டவில்லை. ஆனாலும் நான் விடவில்லை.

"என்னை ஃபெயிலாக்கறதுக்குத்தான் இவ்வளவு படிச்சியா, டாக்டரம்மா?" என்பார் முதலில். பிறகு கேலி குறைந்தது. ஒரு மாலை அவர் அட்டைகளை என் கையிலிருந்து வாங்கி, ஓரங்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கித் திருப்பித் தந்தார்.

"உங்களோடது. நீங்களே வெச்சுக்குங்க."

கோபமே இல்லை. கடையில் யாரோ தவறவிட்ட பொருளை எடுத்துத் தருவது போலத் தந்தார். நான் அட்டைகளைப் பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

2010-இல் அவர் விருப்ப ஓய்வு வாங்கினார். அவருடைய நாள் கடிகாரத்தைச் சுற்றி அமைந்துவிட்டது. குறிப்பிட்ட நேரத்துக்கு எழுவார், குறிப்பிட்ட வழியில் நடந்துவிட்டு வருவார், மாலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியில் இருப்பார். பகலில் பக்கத்து வீட்டார் ஒரு கண் வைத்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் நரம்பு செல்களின் கிளையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது நான் அதற்குப் பெயர் கொடுக்கவில்லை. தோலையும் செதிலையும் எடுத்துக்கொண்டேன். அந்த வருடம் இறந்துபோன என் கொடுவா வரிசைக்கும் ஒரு பதிவு போட்டேன். எங்கள் முறையில் எதையும் அழிப்பதில்லை. இனி இல்லாததை 'வழக்கொழிந்தது' என்று குறித்து, எண்ணை அப்படியே விட்டுவிடுவோம். அந்த எண்ணை வேறு எதற்கும் தர மாட்டோம்.

2011 கோடைக்குப் பிறகு அவர் வாயில் டாக்டரம்மா வரவில்லை. எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் வாசலில் அவர் பேசியது காதில் விழுந்தது: "உள்ள அந்த அம்மா இருக்காங்க, அவுங்களைக் கேளுங்க." மழைக்காலத்தில் தபால்காரரிடம் சொன்னார்: "உள்ள ஒரு ஆளு இருக்காங்க." டாக்டரம்மா, அம்மா, ஆள். ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும். அடுத்த படி என்ன என்பதும் தெரியும்.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் அவர் மீன் துண்டைப் பிட்டு, முள்ளைப் பிரித்து, என் தட்டின் ஓரத்தில் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழையபடியே வேலை செய்தன. நடு முள்ளை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவார், பிறகு சதையைத் தடவிப் பார்த்து ஓர முட்களை. பேச்சு இல்லை, கேலி இல்லை. தட்டு ஓரத்தில் மீன் வந்துவிடும். இதை யாருக்கு எதற்காகச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். பெயர் போனாலும் நான் போகவில்லை. அவர் நிலையைப் பற்றி வாராவாரம் எழுதிவந்த வெள்ளிக்கிழமைக் குறிப்பில் வேறு என்ன எழுதினாலும் கடைசியில் 'தெரிகிறது' என்று ஒரு சொல் எழுதிவைத்தேன்.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. கடலூரில் அதைப் பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. எங்கள் வீடு தப்பியது. முதுநகரில் என் நாத்தனார் வீட்டு ஓடுகள் எல்லாம் பறந்துவிட்டன. தனியாக இருந்தவர். இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஓடு போனா போவுது. மாதா படம் அப்படியே நிக்குது பாரு செவுத்துல, ஆணிகூட ஆடல" என்று வந்தவுடன் சொன்னார். பெரிய குரல், பெரிய சிரிப்பு. மின்சாரம் இல்லாமல் இருண்டு கிடந்த வீட்டுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. தம்பி தன்னைத் தெரியாமல் பார்ப்பதை அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். சமையலறையில் என் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, "சரி, அரிசி எங்க வெச்சிருக்கே?" என்றார்.

புத்தாண்டுக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் சிதம்பரம் போயிருந்தேன். திரும்பும்போது சாலையில் இன்னும் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பேருந்து நின்று நின்று வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது ஏழு தாண்டிவிட்டது. மேசையில் மெழுகுவத்தி எரிந்தது. படகுகள் உடைந்து மீனே வராத நாளில் என் நாத்தனார் எங்கேயோ அலைந்து மத்தி வாங்கிவந்து குழம்பு வைத்திருந்தார். என் கணவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், என் நாற்காலியில், நாத்தனார்.

நாத்தனாரின் தட்டு ஓரத்தில் முள் எடுத்த மீன் இருந்தது.

"இதப் பாரும்மா!" என்றார் என்னைப் பார்த்ததும். கண்ணெல்லாம் நீர், முகமெல்லாம் சிரிப்பு. "சின்ன வயசுல எந்தட்டுல இருந்த மீனைத் திருடித் தின்ன பய. இன்னிக்கு அக்காவுக்கு முள்ளு எடுத்து வெக்கறான்! எங்கயோ உள்ள நான் இருக்கறேன் பாரு இவனுக்கு!"

"ஆமா அண்ணி," என்றேன். "சாப்பிடுங்க, ஆறிடும்."

கைகால் கழுவிக்கொண்டு வந்து எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாங்க. உக்காருங்க," என்றார் மரியாதையாக. பிறகு குனிந்து அடுத்த மத்தியை எடுத்தார். நடு முள்ளை இழுத்தார். பக்கத்து நாற்காலியின் தட்டில் வைத்தார்.

என் மத்தியை நானே பிட்டேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு முள் தொண்டையில் குத்தி நின்றுவிட்டது. நாத்தனார் எழுந்து ஓடிவந்து வெறும் சோற்றை உருண்டையாகப் பிடித்து வாயில் திணித்தார். "மெல்லாத, அப்படியே முழுங்கு. முழுங்கு. அய்யோ, கண்ணுல தண்ணி கொட்டுது பாரு பொண்ணுக்கு." முள் இறங்கிவிட்டது. கண்ணீருக்கு ஒரு காரணம் கிடைத்ததில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் நான் குறிப்பு எழுதவில்லை. 'தெரிகிறது' என்று எழுதிய பக்கங்களையும் திருப்பிப் பார்க்கவில்லை. எங்கள் வேலையில் புதியவர்கள் செய்கிற பிழை ஒன்று உண்டு. பார்த்தது கொஞ்சமாக இருக்கும், எழுதுவது நுனி வரை போய்விடும். ஆசைப்பட்டு எழுதுவது. இருபது பேரின் அந்தப் பிழையை நான் திருத்தியிருக்கிறேன். அவர் முள் எடுத்து வைத்தது மனைவிக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு. அதைச் சரியான கிளைக்குத் திருப்பி வைக்க எனக்குச் சில மாதங்கள் ஆயின.

நாத்தனாரிடம் நான் இதைச் சொல்லவில்லை. மார்ச்சில் கூரை வேய்ந்து முடிந்து அவர் முதுநகருக்குத் திரும்பினார். போகும்போது, "எந்தம்பி என்னை மறக்கல, அது போதும் எனக்கு" என்றார். அவர் சொன்னதில் பாதியாவது உண்மையாக இருக்கலாம். என்னுடையதிலும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்று எழுதினால் அது பொய்யில்லை. அத்தனை வருடமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

எங்கள் குழுவின் தொலைபேசிக் கூட்டம் நம் நேரப்படி வெள்ளிக்கிழமை மாலையில் வரும். 2012-இல் அதிலிருந்து விலகிக்கொண்டேன். வேறு எந்த நாளானாலும் வருகிறேன், வெள்ளிக்கிழமை முடியாது என்று எழுதினேன். காரணம் கேட்டார்கள். அந்த நேரத்தில் ஓர் இடத்தில் இருக்க வேண்டும் என்று பதில் போட்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்திலிருந்து சீக்கிரமே கிளம்பி, நெரிசல் தொடங்குவதற்கு முந்தைய பேருந்தைப் பிடிக்கிறேன். இப்போது மடியில் பை இல்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

போன வெள்ளிக்கிழமை மீன் வாங்கி, குழம்பு வைத்து, ஏழுக்கு முன்னாலேயே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்தார், உட்கார்ந்தார். பிட்டார், நடு முள்ளை இழுத்தார், தடவிப் பார்த்தார். என் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"சாப்பிடுங்க. முள்ளு இல்ல."

முள் என்ற சொல் இன்னும் இருக்கிறது. இது என்ன மீன் என்று நான் கேட்கவில்லை. விரலால் தடவிப் பார்க்காமல் அப்படியே எடுத்துச் சாப்பிட்டேன்.